பின்லாந்து ஐஸ் ஹாக்கி அணியின் நீல ஜெர்சி: திருப்பூர்க் கண்ணால் ஒரு மதிப்பீடு

பின்லாந்து ஆடவர் தேசிய ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்களுக்காக முறையான உரிமத்துடன் விற்கப்படும் நீல நிற ஜெர்சியைப் பற்றியது இந்த மதிப்பீடு. அந்நாட்டின் தம்பேரே நகரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது இதை எனக்காக வாங்கி வந்தான். முதுகில் பெயரும் எண்ணும் பதித்த கூலியையும் சேர்த்தால், நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிய விலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவிலேயே காலம் தள்ளிய எனக்கு, எந்தப் பீஸ் கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு பார்த்ததில், இந்த ஜெர்சி துணியிலும் தையலிலும் தேறுகிறது. விலையில் கணிசமான பங்கை விழுங்கிய முதுகு எண்ணில்தான் தோற்கிறது.

ஐஸ் ஹாக்கி ஜெர்சியை கிரிக்கெட் அல்லது கால்பந்து ஜெர்சியோடு ஒப்பிட்டு அளப்பது சரியாகாது. அவை உடம்பின் மேல் நேரடியாக அணியப்படுபவை. இதுவோ தோள், மார்பு, முழங்கை ஆகியவற்றுக்கான காப்புகளை எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு அவற்றின் மேல் போர்த்தப்படுவது. எதிராளி முழு வேகத்தில் வந்து மோதுவதும், பக்கச் சுவரோடு சேர்த்து நெருக்குவதும் விதிக்குட்பட்ட ஆட்டத்தின் பகுதிகள் என்பதால், அந்தக் காப்புகள் இல்லாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை. கையின் அகலம், அக்குளின் தாழ்வு, உடம்பின் தொளதொளப்பு எல்லாமே அதிலிருந்து பிறந்த கணக்குகள். எனக்குத் தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் ஜெர்சியைக் காட்டியபோது, அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன அகலமா கை வெட்டுனா துணி என்னத்துக்குங்க ஆகும்? இதுல சின்னப் பையனுக்கு ஒரு பனியனே அடிச்சுப் போடலாமுங்க" என்றார். காப்பு மாட்டிய ஆட்டக்காரரின் படத்தைக் காட்டிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

ஆட்டக்காரர்கள் அணியும் ஜெர்சிக்கும் ரசிகர்களுக்கு விற்கப்படும் ஜெர்சிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. களத்துக்கான ஜெர்சியில் முழங்கைப் பகுதியில் துணி இரட்டையாக வைக்கப்பட்டிருக்கும். உள்பக்கம் முதுகின் கீழே, கால்சட்டையோடு பிணைத்துக்கொள்ள ஒரு பட்டை தைக்கப்பட்டிருக்கும். கைகலப்பு வந்தால் எதிராளி ஜெர்சியைப் பின்னாலிருந்து இழுத்துத் தலை மேல் கவிழ்த்து, கையைக் கட்டிப்போட்டாற்போல் ஆக்கிவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். ஆட்டங்களில் அந்தப் பட்டையைக் கட்டாமல் விடுவது விதிமீறல். நான் வாங்கிய ரசிகர் ஜெர்சியில் பட்டையும் இல்லை, இரட்டை முழங்கையும் இல்லை. இருந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவிநாசி சாலையில் நம்மை யாரும் ஜெர்சியைக் கவிழ்த்து அடிக்கப்போவதில்லை. ஆனால் "களத்தில் அணிவதைப் போன்றதே" என்ற சொற்களைப் பொதியின் மேல் அச்சிட்டுவிட்டு இவ்விரண்டையும் விட்டுவிட்டது நேர்மையான வணிகமாக எனக்குப் படவில்லை.

துணியைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. நூற்றுக்கு நூறு பாலியஸ்டர். தோள்பட்டையில் நெருக்கமான, பளபளப்புக் குறைந்த நெசவும், உடம்பிலும் அக்குளிலும் கண் திறந்த மெஷ் துணியும் வைத்திருக்கிறார்கள். துணியின் கனத்தை அளக்க உதவும் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து ஒரு வட்டம் வெட்டிப் பார்க்க மனம் வரவில்லை. கையில் பிடித்த கனத்தை வைத்துச் சொன்னால், நாம் ஏற்றுமதி செய்யும் சாதாரண டி-சர்ட்டைவிடக் கனமான ரகம். நிலையான சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டாது. பனித்தளத்தில் வியர்த்துக் கொட்டும் ஆட்டக்காரனுக்கு ஈரம் ஊறிக் கனக்காத துணியே தேவை என்பதால், இந்த விளையாட்டில் பழங்காலத்துக் கம்பளி ஸ்வெட்டரின் இடத்தைச் செயற்கை இழை பிடித்துக்கொண்டது. பருத்தியைக் கட்டி அழுதே பழகிய நம் ஊர், விளையாட்டு உடைகளுக்கான உலகச் சந்தையில் பின்தங்கியதற்கு இந்த ஒரு கணக்கே போதும் என்பது என் எண்ணம்.

நீலச் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. வெள்ளைத் துணியை ஈரமாக்கி வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கறை ஏதும் ஒட்டவில்லை. பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம் அழுத்தக் கலத்தில் 130 டிகிரி அளவு வெப்பத்தில் இழைக்குள் ஏறுகிறது. பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்துக்குக் கொட்ட வேண்டிய உப்பு அதற்குத் தேவையில்லை. அந்த உப்பு நொய்யலை என்ன பாடுபடுத்தியது என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கம்பெனிகளில் வேலை பாதியாகக் குறைந்து கிடந்த மே மாதத்தில்தான் இந்த அணியை நான் முதன்முதலில் கவனித்தேன். உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக மிகாயெல் கிரான்லுண்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞர், கோல் கம்பத்தின் பின்னால் நின்றபடி, தட்டையான ரப்பர் பக்கைத் தன் மட்டையின் தகட்டில் தூக்கி ஏந்தி, அப்படியே சுழற்றி வலையின் மேல் மூலைக்குள் செருகினார். 160 கிராமுக்கு முன்பின்னாக எடையுள்ள அந்த வில்லை தகட்டில் ஒட்டிக்கொண்டதுபோல் போனதைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பின்லாந்து அஞ்சல் துறை அந்தக் கோலுக்குத் தபால்தலையே வெளியிட்டது. அந்த ஆட்டத்தை 3-0 என்றும், இறுதியாட்டத்தில் சுவீடனை 6-1 என்றும் வென்று, 1995க்குப் பிறகு இரண்டாம் முறையாக அந்த அணி உலகப் பட்டத்தை எடுத்தது.

மார்பில் இருக்கும் சிங்கத்துக்கு வருவோம். அணியையே அந்நாட்டில் சிங்கங்கள் என்றுதான் அழைக்கிறார்கள். பின்லாந்தின் அரசுச் சின்னத்தில் இருக்கும் முடிசூடிய சிங்கம் அது. வலது முன்னங்காலுக்குப் பதிலாகக் கவசமணிந்த மனிதக் கை ஒன்று வாளை ஓங்கிப் பிடித்திருக்கும். இந்த ஜெர்சியில் சிங்கத்தை அச்சடிக்காமல், தனியாக எம்ப்ராய்டரி செய்து, அதன் ஓரத்தை நெருக்கமான சாட்டின் தையலால் கட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். பிடரியின் ஒவ்வொரு சுருளுக்கும் தையலின் திசையை மாற்றியிருப்பதால், வெளிச்சம் பட்டால் முடி அசைவதுபோல் தெரிகிறது. உள்பக்கம், தையலுக்குத் தாங்கலாக அடியில் வைக்கும் பேக்கிங் தாளைப் பிசிறில்லாமல் கிழித்து எடுத்து, நெஞ்சில் உறுத்தாமல் இருக்க மெல்லிய துணியொன்றை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்த இடம் எதுவோ, அங்கே செக்கிங் பிரிவில் விவரமான ஆள் இருக்கிறார்.

இதோடு ஒப்பிடுவதற்காக, இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் நகல் ஒன்றையும் வரவழைத்தேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அது வெள்ளைப் பாலியஸ்டரில் சப்ளிமேஷன் முறையில் நீலம் அடித்த துணி. சப்ளிமேஷன் மட்டமான முறை என்று சொல்ல மாட்டேன். தாளில் அச்சான சாயத்தை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் அந்த வேலையைத் திருப்பூரிலேயே நேர்த்தியாகச் செய்கிறார்கள். ஆனால் நிறம் ஒரு பக்கத்தில்தான் நிற்கும். முழங்கையை மடக்கித் துணி இழுபட்டதும் உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கிறது. சிங்கம் அச்சில் வந்ததால் கவசக் கை எது, வாள் எது, பிடரி எது என்று பிரித்தறிய முடியாமல் மூன்றும் ஒரே மஞ்சள் திட்டாகக் கலந்து, ஏதோ ஊர்த் திருவிழாத் தட்டியில் வரைந்த சிங்கம்போல் நிற்கிறது. தையல் வெறும் ஓவர்லாக், அதாவது ஓரம் பிரியாமல் சுற்றி அடித்தது. தோள் மூட்டின் மேல், மூட்டைத் தட்டையாகப் படியவைக்கும் பிளாட்லாக் கிடையாது. வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முதுகு எண்தான் இந்த மதிப்பீட்டில் நான் அதிகம் பேச விரும்புவது. தலைக்கவசமும் முகக்காப்பும் அணிந்து, முக்கால் நிமிட அளவில் களத்திலிருந்து வெளியேறி அடுத்த வரிசைக்கு இடம் கொடுக்கும் ஆட்டக்காரனை, அதுவும் ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, முகத்தை வைத்து அடையாளம் காண வழியில்லை. அவனுக்கு எண்தான் முகம். சர்வதேச விதிகள் முதுகு எண் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திலும், இரு கைகளிலும் உள்ள எண்கள் 10 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்று அளவு வகுத்திருப்பது அதனால்தான். களத்து ஜெர்சிகளில் இந்த எண்களைக் கனமான ட்வில் துணியில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நிறங்களில் அடுக்கி, ஓரத்தை ஜிக்ஜாக் தையலால் கட்டியிருப்பார்கள். எத்தனை முறை துவைத்தாலும், பக்கச் சுவரில் எத்தனை முறை உரசினாலும் அது பெயராது.

என் ஜெர்சிக்கு நான் கேட்டு வாங்கியது 8ஆம் எண், தேமு செலான்னே. 1992 தொடங்கி 2014 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். ஒலிம்பிக் ஆடவர் ஐஸ் ஹாக்கியில், அடித்த கோல்களையும் கோலுக்குக் கொடுத்த உதவிகளையும் சேர்த்து எண்ணும் கணக்கில், 43 புள்ளிகளுடன் வரலாற்றிலேயே முதலிடத்தில் இருப்பவர். 2014 சோச்சியில் அமெரிக்காவை 5-0 என்று வென்று வெண்கலம் எடுத்த ஆட்டத்தில், நாற்பத்து மூன்று வயதில் இரண்டு கோல் அடித்து, அந்தப் போட்டியின் மதிப்புமிக்க ஆட்டக்காரராகவும் தேர்வானார். அப்படிப்பட்டவரின் எண்ணை, ஜெர்சி விலையில் கால் பங்குக்கு மேல் தனியாக வாங்கிக்கொண்டு, அந்தக் கடையில் வெப்ப அழுத்தத்தால் ஒட்டும் வினைல் தாளில் பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். தையல் என்ற பேச்சே இல்லை.

இதில் இரண்டு கேடுகள். முதலாவது, மெஷ் துணியில் கண்கள் இருப்பதால் பசை பிடிக்க முழுப் பரப்பும் கிடைப்பதில்லை. சில துவைப்புகளிலேயே வலது கையில் உள்ள 8இன் அடிவளைவு நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பிவிட்டது. இரண்டாவது, நீலப் பாலியஸ்டரின் மேல் வெள்ளையைச் சூட்டோடு அழுத்தும்போது, துணியிலுள்ள டிஸ்பர்ஸ் சாயம் மெல்ல ஆவியாகி மேலேறி வெள்ளையில் கலக்கும். வாங்கிய புதிதில் பால் வெள்ளையாக இருந்த எண், இப்போது சொட்டு நீலம் அதிகமான வேட்டியைப்போல் வெளிறிய நீலம் பூத்து நிற்கிறது. சாயம் மேலேறாமல் தடுக்கும் அடிப்பூச்சு கொண்ட வினைல் தாள்கள் சந்தையில் இருக்கின்றன. நம் ஊரில் சின்னச் சின்னப் பிரின்டிங் பட்டறைக்காரர்களே அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளில் அந்தக் கவனம் இல்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வினைலுக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு: எழுத்துகளைத் திருத்தமாக வெட்டியிருக்கிறார்கள். செலான்னேயின் பெயரில் வரும் எழுத்தொன்றின் மேல் இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. நகலில் அந்தப் புள்ளிகளே இல்லை.

அளவு குறித்து ஒரு எச்சரிக்கை. நாம் வழக்கமாக எல் போடுபவர்களாக இருந்தால் எம் வாங்கினாலே தாராளம். எல் வாங்கினால் உள்ளே இன்னொருவர் நுழையலாம். 2019 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கனடாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து 3-1 என்று பட்டத்தைப் பெற்றுத்தந்த அணித் தலைவர் மார்கோ அன்டிலாவின் உயரம் 203 சென்டிமீட்டர். அத்தகைய உடம்புகளுக்காக வரையப்பட்ட பேட்டர்னைத்தான் சுருக்கி நமக்கு விற்கிறார்கள் என்பதால், கையின் நீளம் எந்த அளவிலும் நமக்கு மிஞ்சவே செய்யும். மடித்துவிட்டுக்கொண்டால் போயிற்று. அந்த 2019 அணியில் பெயர் பெற்ற என்.ஹெச்.எல். நட்சத்திரங்கள் ஏறத்தாழ யாருமே இல்லை என்பதையும், 2011, 2019, 2022 ஆகிய மூன்று உலகப் பட்டங்களையும் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கத்தையும் யூக்கா யாலோனன் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ்தான் அந்நாடு பெற்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து இலட்சத்தை ஒட்டிய மக்கள்தொகைதான் அந்த நாட்டில்; நம் கோவை, திருப்பூர் மாவட்டங்களைச் சேர்த்தாலே அந்தக் கணக்குக்கு அருகில் வந்துவிடும்.

ஜெர்சி வந்த தம்பேரே நகரமும் நமக்கு அந்நியமில்லை. 1820இல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே தொடங்கிய தொழிலிலிருந்து பெரும் பருத்தி ஆலை வளர்ந்து, அந்த ஊர் பின்லாந்தின் மான்செஸ்டர் என்றே பெயர் வாங்கியது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. நாட்டின் முதல் உள்ளரங்கப் பனித்தளம் 1965 உலக சாம்பியன்ஷிப்பை ஒட்டி அங்கேதான் கட்டப்பட்டது. 2022 மே மாதம், ஒலிம்பிக் தங்கம் வென்ற சூடு ஆறுவதற்குள், அதே ஊரின் புதிய அரங்கில் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தி உலகப் பட்டத்தையும் எடுத்தார்கள். கடைசிக் கோல் சகாரி மன்னினனுடையது. அடுத்த ஆண்டே அதே கனடாவிடம் காலிறுதியில் தோற்று வெளியேறினார்கள். ஜெர்சி விற்பனை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை என்று அக்கா மகன் சொல்கிறான்.

இனி நம் பகுதியில் இதை எப்போது போடலாம் என்ற கேள்வி. உலக சாம்பியன்ஷிப் நடப்பது மே மாதத்தில். அக்னி நட்சத்திர வெயிலில் இரவு பத்தரை மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டத்தை இந்த ஜெர்சியோடு உட்கார்ந்து பார்ப்பது, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தாலன்றி இயலாத காரியம். மெஷ் துணி காற்றை விடும் என்பது உண்மையே. ஆனால் காற்று என்று ஒன்று இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வீசும்போது இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிப் பார்த்தேன்: தொளதொளப்பினால் பாய்மரம்போல் உப்பிக்கொண்டாலும், உடம்பு குளுகுளுவென்று இருந்தது. மார்கழி விடியலில் உள்ளே ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு மேலே இதை அணிந்தால் ஸ்வெட்டர் தேவைப்படாது. வால்பாறை, ஊட்டிப் பயணங்களுக்கும் அப்படியே.

பராமரிப்பில் மூன்று செய்திகள் முக்கியம். பாலியஸ்டர் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இழை. வியர்வையோடு சுருட்டிப் போட்டால் நாற்றம் பிறகு எளிதில் போகாது, ஆகவே அன்றைக்கே அலசிவிட வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது; சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படலமாக மெஷ் கண்களில் தங்கிவிடுகிறது. தேய்ப்பு வண்டிக்காரரிடம் மற்றத் துணிகளோடு சேர்த்து ஒருபோதும் கொடுக்க வேண்டாம். கரிப்பெட்டியின் சூட்டுக்கு அளவுகோல் கிடையாது. வினைல் எண் மேல் ஒரு முறை பட்டாலே போதும், எண்ணும் போய்ப் பெட்டியும் கெட்டு, அவருக்கும் நமக்கும் சண்டைதான் மிஞ்சும். கொடியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்தினால் சுருக்கமே விழாத துணி இது. தேய்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: பெயரும் எண்ணும் இல்லாத வெற்று ஜெர்சியை மட்டும் வாங்குங்கள். அங்கே எண்ணுக்குக் கேட்கும் கூலியில் பாதிகூட ஆகாது, திருப்பூரில் எம்ப்ராய்டரி பட்டறை ஒன்றில் இரண்டு நிற ட்வில் துணியை வெட்டி அடுக்கி, முதுகுக்கும் கைகளுக்கும் விதிப்படியான அளவில் ஜிக்ஜாக் தையல் போட்டுத் தந்துவிடுவார்கள். மெஷ் துணி சுருங்காமல் இருக்க அடியில் பேக்கிங் வைக்கச் சொல்ல வேண்டும்; தையல் இழுவையைச் சற்றுத் தளர்த்தவும் சொல்ல வேண்டும். ஒற்றைப் பீஸுக்கு வேலை எடுக்கச் சில பட்டறைகள் தயங்கும். வேலை குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் முகம் கோணாமல் செய்து தருவார்கள். என் ஜெர்சியின் வலது கை எண்ணை உரித்துவிட்டு அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். முதுகில் உள்ளது இன்னும் வினைல்தான். அது தானாகக் கிளம்பும் வரை பொறுத்திருக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.